தடித்த பிரைஸ் மொறுமொறுப்பாக வர: எயார் பிரையரா, தாச்சியா, உறைந்த பக்கற்றா?

கொஞ்சக் காலமாக என்னிடம் வரும் சமையல் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "எயார் பிரையர் வாங்கிவிட்டோம். உருளைக்கிழங்கை மெல்லியதாக வெட்டினால் பரவாயில்லை. விரல் தடிப்பில் வெட்டினால் மட்டும் வெளியே தோல் மாதிரி இழுபடுகிறது, உள்ளே மெழுகு மாதிரி இருக்கிறது. என்ன பிழை?" ஏறாவூரிலிருந்து ஒருவர் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் செய்வதற்காகக் கேட்டிருந்தார். களுவாஞ்சிக்குடிச் சகோதரி ஒருவர் இன்னும் வாங்கவில்லை. வாங்கலாமா, இருக்கிற தாச்சியோடே நிற்கலாமா என்று யோசிக்கிறார். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து கேட்ட ஒரு தாய்க்கு, மாலையில் மின்விளக்கே மங்கும் வீட்டில் இந்த இயந்திரம் வேலை செய்யுமா என்ற சந்தேகம்.

மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் மூவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம் ஒன்றுதான்: தடித்த துண்டுக்கு இரண்டு வேக்காடு வேண்டும்.

மெல்லிய துண்டில் தண்ணீர் குறைவு. மேற்புறம் காய்ந்து சிவப்பதற்குள் நடுப்பகுதியும் வெந்துவிடும். 12 முதல் 15 மில்லிமீற்றர் வரை தடித்த துண்டில் அப்படி நடக்காது. வெளியே சிவந்த பிறகும் நடுவில் பச்சை நிற்கும். நடு வேகட்டும் என்று காத்திருந்தால், உள்ளிருந்து வெளியேறும் நீராவி மேற்புறத்தை நனைத்து இளக வைத்துவிடும். அதனால் முதல் வேக்காட்டில் உள்ளே மாவாக வேக வேண்டும், இரண்டாம் வேக்காட்டில் வெளியே மொறுமொறுக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வழியிலும் நான் முதலில் பார்ப்பது, அந்த முதல் வேக்காட்டைச் செய்வது யார் என்பதைத்தான்.

எதை வைத்து அளப்பது

மொறுமொறுப்பு முதல் அளவுகோல். எடுத்த நொடியில் எல்லாமே மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். தட்டில் கொட்டி, தேநீர் ஊற்றி, பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்துவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்து நிமிடம் கழித்து எப்படி இருக்கிறது என்பதை வைத்தே நான் மதிப்பிடுகிறேன். ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி என்று இருக்கும் ஊரில் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. குளிர் நாட்டுக்காரர் எழுதிய செய்முறையில் அரைமணி நேரம் நிற்கும் மொறுமொறுப்பு இங்கே அவ்வளவு நேரம் நிற்காது.

இரண்டாவது, எத்தனை வாய். இரண்டு பேருக்குச் சரியாக வரும் முறை எட்டுப் பேருக்குக் காலை வாரிவிடும். மூன்றாவது நேரம். அதில் கை வேலை வேறு, காத்திருப்பு வேறு. அடுப்பை விட்டு நகர முடியாத இருபது நிமிடமும், இயந்திரத்தை ஓடவிட்டு உடுப்பு மடிக்கும் இருபது நிமிடமும் ஒன்றல்ல. நான்காவது பணம்: எண்ணெய், காஸ், மின்சாரம், இயந்திரத்தின் விலை. கடைசியாக, கடையில் யாரும் சொல்லாதவை: மணம், கழுவல், பிளக், மின்வெட்டு.

முதலில் கிழங்கு

வழிகளுக்குப் போகுமுன் கிழங்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இயந்திரம் சரியில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் கிழங்குதான் சரியில்லை.

நம் சந்தைக்கு மூன்று இடத்துக் கிழங்கு வருகிறது. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்திலிருந்து மலைநாட்டுக் கிழங்கு, மாசி பங்குனியில் யாழ்ப்பாணக் கிழங்கு, அவற்றோடு இந்தியா, பாகிஸ்தானிலிருந்து இறக்குமதியாகும் கிழங்கு. மலைநாட்டில் அதிகம் பயிரிடப்படும் கிரனோலா இனத்தின் சதை மஞ்சளாக இருக்கும். கறிக்கு அதைப் போல வராது: உடையாது, குழம்பை இழுத்துக்கொள்ளும். ஆனால் மாச்சத்துக் குறைவும் தண்ணீர் அதிகமும் உள்ள இனம் அது. பிரைஸுக்கு மாச்சத்து நிறைந்த, அவித்தால் பூப்போல மலரும் கிழங்குதான் உகந்தது. மேலே ஒட்டியிருக்கும் செம்மண்ணைப் பார்த்து எதையும் தீர்மானிக்காதீர்கள். இறக்குமதிக் கிழங்குக்குச் செம்மண் பூசி விற்பதும் நடக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கோப்பை உப்புக்குப் பதினொரு கோப்பை தண்ணீர் என்ற கணக்கில் கரைத்து, கிழங்கை முழுதாகப் போடுங்கள். தாழ்ந்தால் மாச்சத்து நிறைந்தது, பிரைஸுக்கு வையுங்கள். மிதந்தால் தண்ணீர்க் கிழங்கு, கறிக்கு வையுங்கள். ஒரே பையில் இரண்டு வகையும் கலந்திருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தட்டில் பாதித் துண்டு மொறுமொறுப்பாகவும் பாதித் துண்டு துவண்டும் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உப்புத் தண்ணீரை வீசிவிட வேண்டாம்; அதையே திரும்பவும் பயன்படுத்தலாம்.

இன்னொன்று, பிரைஸுக்கு வைத்திருக்கும் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். குளிரில் கிழங்கின் மாச்சத்து சீனியாக மாறும். அப்படி மாறிய கிழங்கு உள்ளே வேகுமுன்பே வெளியே கறுக்கும், கசக்கவும் செய்யும். வெளிச்சம் படாத, காற்றோட்டமான கூடையே போதும்.

வழி 1: தாச்சியில் இரண்டு முறை பொரிப்பது

இங்கே முதல் வேக்காட்டைச் செய்வது எண்ணெய். இளஞ்சூட்டில், 130 முதல் 140 பாகை வரையில், ஆறேழு நிமிடம் நிறம் மாறாமல் வேகவிட்டு எடுக்க வேண்டும். நன்றாக ஆறவிட்டு, பிறகு எண்ணெயை 180 பாகைக்கு மேல் ஏற்றி, இரண்டு மூன்று நிமிடத்தில் பொன்னிறமாக அள்ளிவிட வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் உலர்ந்த மர அகப்பையின் காம்பை எண்ணெயில் பிடியுங்கள். சோம்பலாக ஒன்றிரண்டு குமிழி வந்தால் முதல் பொரிப்புக்குச் சரி. காம்பைச் சுற்றிப் படபடவென்று குமிழி கிளம்பினால் இரண்டாவதற்குச் சரி.

மொறுமொறுப்பில் இதை வெல்ல எதனாலும் முடியாது. கொதிக்கும் எண்ணெய் துண்டின் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் தொடுகிறது. சூடான காற்றால் அப்படித் தொட முடியாது. பத்து நிமிடம் கழித்தும் கடித்தால் சத்தம் கேட்கும்.

இதன் பெரிய பலம் கூட்டத்தைச் சமாளிப்பது. முதல் பொரிப்பைக் காலையிலேயே முடித்து, ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைக்கலாம். மாலையில் ஆட்கள் வந்த பிறகு ஒரு கிலோவையோ ஒன்றரைக் கிலோவையோ இருபது நிமிடத்துக்குள் சுடச்சுட இறக்கிவிடலாம். நோன்பு திறக்கும் வேளைக்கும், கோயில் திருவிழாவுக்கு உறவினர் நிறையும் வீட்டுக்கும் இதுதான் ஏற்றது.

செலவு எண்ணெயில்தான் ஒளிந்திருக்கிறது. அரைக் கிலோ கிழங்குக்கு முக்கால் லீற்றராவது ஊற்ற வேண்டும். அவ்வளவும் கிழங்குக்குள் போவதில்லை. ஆனால் மிச்சத்தை என்ன செய்வது? தேங்காய் எண்ணெய் விற்கும் விலையில் யாருக்கும் கொட்ட மனம் வராது. அதனால் நாலாம் முறை, ஐந்தாம் முறை என்று அதிலேயே பொரிக்கிறோம். நிறம் கறுத்து, நுரை தள்ளி, சீக்கிரமே புகைய ஆரம்பித்த எண்ணெயை வயிற்றுக்குள் அனுப்பக் கூடாது. வடிகட்டி வைத்து இரண்டு மூன்று முறை, அதற்கு மேல் வேண்டாம். மீனோ கணவாயோ பொரித்த எண்ணெயில் கிழங்கைப் போட்டால் அந்த மணம் போகவே போகாது. பழைய எண்ணெயைக் கிணற்றடியிலோ வடிகாணிலோ ஊற்றுவதும் பிழை.

அதோடு, பொரிக்கிற நேரம் முழுக்க ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் சிறிய குசினியில், கொதிக்கும் எண்ணெயை வைத்துக்கொண்டு எனக்கு நிம்மதி இருப்பதில்லை.

வழி 2: எயார் பிரையரில் பச்சைக் கிழங்கை நேரே போடுவது

இங்கே முதல் வேக்காட்டைச் செய்ய யாருமே இல்லை. கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோர் செய்வதும் இதைத்தான், இயந்திரத்தோடு வரும் கையேடும் பெரும்பாலும் இதையே சொல்கிறது.

எயார் பிரையரில் எண்ணெய்ப் பொரிப்பு எதுவும் நடப்பதில்லை. மேலே சூடாகும் ஒரு கம்பிச் சுருள், அதன் மேலே ஒரு விசிறி, கீழே ஒரு கூடை. பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் இந்தப் பெயரோடு சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அடிப்படை அதுதான்: காற்று வேகமாகச் சுழலும் ஒரு சின்னப் போறணை. காற்று உலர்த்துவதில் கெட்டிக்காரன். உள்ளே வேகவைப்பதில் மந்தம். தடித்த பச்சைத் துண்டின் மேற்புறத்தை அது முதலில் உலர்த்தித் தோலாக்கிவிடுகிறது. உள்ளே வேக இன்னும் பத்து நிமிடம் கிடக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் தோல் இன்னும் தடிக்கிறது. கடித்தால் இழுபடுவது அதனால்தான்.

என் மாமி ஒரு நாள் கூடையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, கிழங்கு அழுகிறதே" என்றார். உண்மைதான். துண்டுகளின் மேல் சின்னச் சின்ன நீர்த்துளிகள் அரும்பியிருந்தன. கூடையை நிரப்பிப் போட்டிருந்ததால் உள்ளிருந்து வந்த ஆவிக்குப் போக வழி இல்லை.

இந்த வழியை நான் ஒரேயொரு சந்தர்ப்பத்துக்குத்தான் சொல்வேன். ஒரு ஆளுக்கு, ஒரு கிழங்கு, அதுவும் 8 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்காமல் வெட்டுவதென்றால் செய்யுங்கள். தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, துணியால் ஒற்றி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறிப் போட்டால் நல்லாகவே வரும். தடித்த துண்டுக்கு வேண்டாம்.

வழி 3: அவித்து, உலர்த்தி, எயார் பிரையரில் முடிப்பது

முதல் வேக்காட்டை அடுப்பில் கொதிக்கும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, காற்றுக்குத் தெரிந்த வேலையை மட்டும் இயந்திரத்திடம் விடுவது. எயார் பிரையர் வைத்திருப்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்லும் வழி இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி விரல் தடிப்பில் வெட்டுங்கள். கலங்கல் போகும்வரை தண்ணீரில் அலசுங்கள். ஒன்றரை லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி உப்புச் சேர்த்து அடுப்பில் வையுங்கள். கொதித்த பிறகு ஆறு முதல் எட்டு நிமிடம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது.

இந்தத் தண்ணீரில் வேறு என்ன சேர்ப்பது என்பதற்குக் கிழங்கைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கிரனோலா போல உடையாத கிழங்கென்றால் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக அப்பச்சோடா சேருங்கள். அது மேற்புறத்தை மட்டும் கொஞ்சம் கரைத்துப் பசையாக்கும். மாச்சத்து நிறைந்து, கொதித்தவுடன் கரையத் தொடங்கும் கிழங்கென்றால் சோடா வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி வினாகிரி ஊற்றுங்கள். புளிப்பு இருக்கும் தண்ணீரில் கிழங்கு தன் உருவத்தை விடாமல் வேகும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றையொன்று அடித்துப் போடும், பயனில்லை.

வடித்த பிறகுதான் முக்கியமான வேலை. சூடான பானையிலேயே துண்டுகளைத் திரும்பப் போட்டு, மூடியைப் பிடித்து, நாலைந்து முறை குலுக்குங்கள். திறந்து பார்த்தால் ஓரங்கள் சுரசுரப்பாகி, மேலெல்லாம் ஈர மாவு அப்பியது போல இருக்கும். அந்தச் சுரசுரப்பு ஒவ்வொன்றும் பிறகு மொறுமொறுக்கப் போகும் இடம். இனி ஒரு பருத்தித் துணியில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி விசிறிக்குக் கீழே வையுங்கள். முதலில் துண்டுகள் பளபளக்கும். சில நிமிடத்தில் ஓரங்களில் பளபளப்பு மங்கும். பிறகு முழுத் துண்டும் சுண்ணாம்பு பூசிய சுவர் உலர்ந்தது மாதிரி வெளிறிப் போகும். விரலால் தொட்டால் ஒட்டாது. அதுதான் அடையாளம். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் எனக்குப் பத்து நிமிடத்தில் இது முடிகிறது. மார்கழி மழையில் அரைமணி நேரமும் போதுவதில்லை. அப்படிப்பட்ட நாளில் துண்டுகளை எண்ணெய் இல்லாமல் கூடையில் போட்டு 100 பாகையில் ஐந்து நிமிடம் ஓட்டி ஈரத்தை வெளியேற்றிவிடுகிறேன்.

உலர்ந்த துண்டில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிசறுங்கள். விரும்பினால் ஒரு மேசைக்கரண்டி பச்சரிசி மாவையும் தூவலாம். இயந்திரத்தை வெறுமனே ஐந்து நிமிடம் சூடாக்கிவிட்டு, 200 பாகையில் பதினெட்டு முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை வையுங்கள். எட்டாம் நிமிடத்தில் ஒரு குலுக்கு, பதினான்காம் நிமிடத்தில் இன்னொன்று. முதற் குலுக்கில் மெத்தென்று சத்தம் வரும். இரண்டாவதில் காய்ந்த சுள்ளிகள் உரசும் சத்தம் வர வேண்டும். வந்தால் இன்னும் நாலைந்து நிமிடம்தான்.

உப்பும் கொச்சிக்காய்த் தூளும் எடுத்த பிறகு மட்டும். உப்பை முன்கூட்டியே தூவினால் நீர் விடும். தூளை முன்கூட்டியே போட்டால் 200 பாகையில் கருகிக் கசக்கும், வீடு முழுக்க இருமலும் வரும்.

இப்படிச் செய்த துண்டு பத்து நிமிடம் தாராளமாக நிற்கிறது. தாச்சிப் பொரியலின் அதே சத்தம் வருமென்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இருக்கும் மாவுத்தன்மையில் இது எதற்கும் குறைந்ததல்ல.

செலவுக்கு வருவோம். 1500 வாட் இயந்திரம் இருபத்தைந்து நிமிடம் தொடர்ந்து ஓடினால் ஏறக்குறைய 0.6 அலகு. வாரம் இரண்டு முறை செய்தால் மாதம் ஐந்து அலகு. கேட்கச் சிறியதுதான். ஆனால் நம் மின்கட்டணம் 60, 90 என்று படியேறும் கட்டணம். மாதம் 57 அலகு எரிக்கும் வீடு இந்த ஐந்தோடு 60ஐத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டும் பணம் கூடுவதில்லை, நிலையான கட்டணமும் கூடிவிடும். வாங்குமுன் கடந்த மூன்று மாதப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

கூடையின் மணமும் ஒரு மறைந்த செலவுதான். வியாழக்கிழமை மீன் வாட்டிய கூடையில் வெள்ளிக்கிழமை மரக்கறி நாளுக்குக் கிழங்கு போட முடியாது. கூடையைத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக் கழுவினாலும் மேலே கம்பிச் சுருளைச் சுற்றித் தெறித்திருக்கும் எண்ணெயிலிருந்து மணம் வரும். விரதம் பிடிக்கும் வீட்டில், இயந்திரம் மரக்கறிக்கா மச்சத்துக்கா என்று முதல் நாளே முடிவு செய்வது நல்லது. கல்லடி மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக்காற்று உலோகத்தை அரிப்பதையும் கணக்கில் எடுங்கள். சன்னலோரம் வைக்காதீர்கள், ஓடி முடிந்து ஆறிய பின் ஒரு துணியால் மூடுங்கள்.

வழி 4: உறைந்த பக்கற்

இதில் முதல் வேக்காடு தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. வெந்நீரில் வாட்டி, உலர்த்தி, எண்ணெயில் அரைப் பதமாகப் பொரித்து, பிறகுதான் உறைய வைக்கிறார்கள். உறைந்த பிரைஸ் எயார் பிரையரில் அவ்வளவு சுலபமாக நன்றாக வருவதன் இரகசியம் இதுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் பச்சைக் கிழங்கையும் அப்படியே போட்டு ஏமாறுகிறார்கள். "எண்ணெயே இல்லாத பிரைஸ்" என்று நினைப்பதும் பிழை. எண்ணெய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

பனி உருகவிடாமல் நேரே கூடையில் போட்டு 200 பாகையில் பதினைந்து நிமிடத்தை ஒட்டி வைத்தால் போதும். கை வேலை என்று எதுவும் இல்லை. வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வீடு திரும்பும் தாய்க்கு இது பெரிய உதவி, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

சங்கடம் குளிரில் இருக்கிறது. கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ வாங்கி, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மடியில் வைத்துக் கொண்டுவந்தால் பாதி உருகியிருக்கும். மறுபடி உறையும்போது துண்டுகள் கட்டியாக ஒட்டி, மேலே பனித்தூள் படியும். அப்படிப்பட்ட துண்டு எந்த இயந்திரத்திலும் துவளும். மாரியில் மின்வெட்டு நீண்டால் இதே கதை வீட்டிலும் நடக்கும். வாங்கும்போது பக்கற்றை வெளியிலிருந்து தடவிப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியாக உருள வேண்டும். கட்டியாக இருந்தால் அது ஏற்கெனவே ஒரு முறை உருகியது, வைத்துவிட்டு வாருங்கள். தடித்த வெட்டு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதும் இருக்கிறது.

வழி 5: மின்சார ஓவன்

கேக் சுடுவதற்காக ஏற்கெனவே வீட்டில் ஓவன் இருப்பவர்களுக்கு மட்டும். வழி 3இல் சொன்னபடி அவித்து உலர்த்தி, சூடேறிய தட்டில் பரப்பி, 220 பாகையில் முப்பத்தைந்து நாற்பது நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்ட வேண்டும். ஒரே தட்டில் ஒரு கிலோ பிடிக்கும், அது எயார் பிரையரால் முடியாத காரியம். ஆனால் சூடேற்றும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றே கால் அலகுக்கு மேல் மின்சாரம் போகும், குசினியும் கொதிக்கும். பிரைஸுக்காக மட்டும் புதிதாக ஓவன் வாங்க வேண்டாம்.

ஒரே பார்வையில்

| | தாச்சி, இருமுறை | எயார் பிரையர், பச்சை | எயார் பிரையர், அவித்து | உறைந்த பக்கற் | ஓவன் |
|---|---|---|---|---|---|
| முதல் வேக்காடு | எண்ணெய் | இல்லை | தண்ணீர் | தொழிற்சாலை | தண்ணீர் |
| பத்து நிமிடம் கழித்து | மிக நன்று | தோலாகிறது | நன்று | நன்று | சுமார் |
| கை வேலை | 30 நிமிடம், நகர முடியாது | 10 நிமிடம் | 20 நிமிடம் | 2 நிமிடம் | 20 நிமிடம் |
| மொத்த நேரம் | ஒரு மணி | ஒரு மணி | ஒரு மணிக்குச் சற்று மேல் | 20 நிமிடம் | ஒன்றரை மணி |
| அரைக் கிலோவுக்கு எண்ணெய் | 750 மி.லீ. ஊற்ற வேண்டும் | ஒரு கிழங்குக்கு 1 தேக்கரண்டி | 1 மேசைக்கரண்டி | சேர்க்க வேண்டாம் | 2 மேசைக்கரண்டி |
| எத்தனை பேருக்கு | 6 பேருக்கு மேல் | 1 | 2 முதல் 4 | 2 முதல் 4 | 4 முதல் 6 |
| மின்சாரம் இல்லாவிட்டால் | காஸில் நடக்கும் | நடக்காது | நடக்காது | நடக்காது, பக்கற்றும் கெடும் | நடக்காது |

மொத்த நேரத்தில் ஊறவைப்பதையும் ஆறவிடுவதையும் உலர்த்துவதையும் சேர்த்திருக்கிறேன். "சுமார்" என்று எழுதியிருப்பது என் நாக்கின் தீர்ப்பு.

வாங்கப் போகிறவர்களுக்கு

எயார் பிரையர் வாங்குவதென்று முடிவானால் லீற்றர் கணக்கைப் பார்க்காதீர்கள், கூடையின் அடிப்பரப்பைப் பாருங்கள். ஆழமான வட்டக் கூடையும் பரந்த சதுரக் கூடையும் ஒரே லீற்றர் என்று எழுதப்பட்டிருக்கலாம், ஆனால் துண்டுகளைப் பரப்ப இடம் தருவது சதுரம்தான். பக்கத்துக்கு 22 சென்ரிமீற்றர் உள்ள கூடையில் அரைக் கிலோ ஒரு தடவைக்குப் போகும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ஒரு சின்ன இயந்திரம். "ஆறு பேருக்குப் போதும்" என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். ஏழு பேர் இருக்கும் வீட்டில் நாலு தடவையாகப் போட்டோம். நாலாவது தட்டு வரும்போது முதல் தட்டு குளிர்ந்து துவண்டிருந்தது, கடைசியாகச் சாப்பிட்ட அம்மாவுக்குத் தேநீரும் ஆறிப் போயிருந்தது. எனக்கு அது இன்றும் மனதில் நிற்கிறது. ஐந்து பேருக்கு மேல் உள்ள வீட்டுக்கு எயார் பிரையரைப் பரிந்துரைக்க நான் தயங்குவது அந்த நாளால்தான்.

பிளக்கை மறக்காதீர்கள். 1500 வாட் இயந்திரம் 230 வோல்டில் ஆறரை அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் வட்டப் பிளக்கில் இதைச் செருகக் கூடாது. 13 அம்பியர் சதுரப் பிளக்கில் நேரே செருகுங்கள். மெல்லிய நீட்டிப்பு வயரோ பல பிளக் பலகையோ வேண்டாம், வயர் சூடாகி உருகும்.

படுவான்கரைத் தாயின் சந்தேகம் நியாயமானது. கம்பிச் சுருளின் சூடு வோல்ட் குறையும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது. 230க்குப் பதிலாக 200 வோல்ட் வந்தால் சூட்டில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். இரவு ஏழு மணிக்கு விளக்கு மங்கும் வீட்டில் இருபது நிமிடச் செய்முறை முப்பது நிமிடமானாலும் நிறம் பிடிக்காது. மாலை நாலு மணிக்கு, மற்ற வீடுகளில் சமையல் தொடங்குமுன் செய்து பார்க்கும்படி அவரிடம் சொன்னேன். அதற்கும் சரிவராவிட்டால் தாச்சிதான் அவருக்கு நல்லது, புதிதாக ஒரு பொருளில் பணத்தைப் போட வேண்டாம்.

உடல்நலத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். எண்ணெய் குறைகிறது, அது உண்மை. ஆனால் மாச்சத்துள்ள பண்டத்தை 120 பாகைக்கு மேல் வாட்டும்போது அக்ரிலமைட் என்ற பொருள் உண்டாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எண்ணெயில் பொரித்தாலும் காற்றில் வாட்டினாலும் அது உண்டாகும். வெட்டிய கிழங்கை ஊறவைத்து அலசுவதும், பழுப்பாக விடாமல் பொன்னிறத்தில் எடுப்பதும் அதைக் குறைக்கும். எந்த வழியைத் தெரிந்தெடுத்தாலும் இந்த இரண்டையும் விடாதீர்கள்.

ஏறாவூர்க்காரருக்கு நான் சொன்னது தாச்சி. அவர் வீட்டில் நோன்பு திறக்க ஒன்பது பேர். முதல் பொரிப்பை மாலை அசர் தொழுகைக்கு முன்பே முடித்து வைத்தால், பாங்குக்குச் சற்று முன்னர் எண்ணெயைச் சூடேற்றினால் போதும். களுவாஞ்சிக்குடிச் சகோதரி, கணவர், ஒரு பிள்ளை என்று மூன்று பேர். மின்பட்டியலும் 90 அலகுக்குக் கீழே வசதியாக நிற்கிறது. அவருக்குப் பரந்த சதுரக் கூடையுள்ள எயார் பிரையரும் வழி 3உம். விருந்தாளி வந்தால் தாச்சியை இறக்கிக்கொள்ளட்டும். போன கிழமை அவர் முதல் தட்டைச் செய்துவிட்டுக் கூப்பிட்டார். துணியில் எவ்வளவு நேரம் காய விட்டீர்கள் என்று கேட்டேன். அவசரத்தில் ஐந்து நிமிடம்தான் என்றார். அடுத்த முறை வெளிறும்வரை பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.